எட்டு த்ரெட்டுக்குள் ஒரு ரிட்டர்ன்

லூப்புக்குள் ரிட்டர்ன் எழுதிப் பழகியவர்களுக்கு அது ஒரு சின்ன வசதி. தேடியது கிடைத்தது, மதிப்பைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. கிடைத்த மதிப்பைக் கூப்பிட்ட இடத்துக்குக் கொடுக்கிறது. ஃபங்ஷனை அத்துடன் முடிக்கிறது. மூன்றாவது வேலை எங்கேயும் எழுதப்படாதது: வரிசையில் முன்னால் இருந்த எதுவும் பொருந்தவில்லை, எனவே இதுதான் முதலாவது என்ற உறுதியையும் அது தருகிறது. லூப் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்வரை இவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவையே வராது. அதே லூப்பை எட்டுக் கோர்களில் எட்டு த்ரெட்டுகளாக, அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைத்தொடர்களாக, சமாந்தரமாக ஓடவிட்டால், இந்த மூன்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று நாமே தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். சி பிளஸ் பிளஸ் ஓரளவு தெரிந்து, சமாந்தர நிரலாக்கத்துக்கு இப்போதுதான் வருகிற ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில், உவர்மலையில், வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்பவள். எங்கள் வீதியில் கடல்சார் விஞ்ஞானம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும் புறாமலையின் முருகைக்கற்களில்தான் அவளுக்கு ஆர்வம். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவான இடம் அது. கடல் சூடானால் முருகைக்கல் வெளிறும். எந்த இடத்திலும், அங்கே வழக்கமாக மிகச் சூடான மாதத்தின் சராசரியை விட 1 பாகை கூடினால் ஆபத்து தொடங்குகிறது என்று கணிப்பது இந்தத் துறையில் பரவலான வழக்கம். அவளுடைய ஆய்வுக் கேள்வி வங்காள விரிகுடா முழுவதற்குமானது: விரிகுடாவை வரைபடத்தில் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்தால், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் நாள் எது?

தரவு அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா வெளியிடும் செய்மதிக் கடல் வெப்பநிலை. 1985 முதல் ஒவ்வொரு நாளுக்கும், 5 கிலோமீட்டர் கட்டங்களாகக் கிடைக்கிறது. விரிகுடாவை மூடும் செவ்வகத்தை வெட்டி எடுத்தால் 400க்கு 340, அதாவது 136,000 கட்டங்கள். 2024 முடிய 40 ஆண்டுகளுக்கு 14,610 நாட்கள். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 200 கோடி எண்கள். சமாந்தரமாக ஓட்டுவது இங்கே ஆடம்பரம் இல்லை. அதிலும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருமலை வீடொன்றில் லப்டொப்பை மணிக்கணக்கில் ஓடவிடுவது என்றால், விசிறியின் இரைச்சலே வேலையை நிறுத்தச் சொல்லும்.

அவள் எழுதியிருந்த புரோகிராம் சுத்தமானது. வெளியே நாட்களுக்கு ஒரு லூப். உள்ளே அந்த நாளில் எல்லை தாண்டிய கட்டங்களை எண்ணும் லூப். எண்ணிக்கை ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் அந்த நாளின் எண்ணை ரிட்டர்ன் செய்கிறது. லூப் முழுக்க ஓடியும் எதுவும் அகப்படாவிட்டால் கடைசி வரியில் -1. சமாந்தரமாக்க முதலில், லூப்பைப் பல த்ரெட்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஓபன்எம்பியை (OpenMP) எடுத்தாள். நாட்களின் லூப்புக்கு மேல், கொம்பைலருக்கு அதைச் சொல்லும் ஒரு பிராக்மா வரி, அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறாள்.

“அக்கா, கொம்பைலர் விடுதில்லை. தனியா ஓடேக்க ஓடுற அதே லூப்தானே?”

அதே லூப்தான். ஆனால் ஜிசிசி கொம்பைலர் அந்த ரிட்டர்ன் வரியைக் காட்டி, ஓபன்எம்பி புளொக்குக்கு உள்ளேயோ அதிலிருந்து வெளியேயோ செல்லுபடியாகாத தாவல் என்று நிற்கிறது. கிளாங் என்ற இன்னொரு கொம்பைலர் இன்னும் நேராகவே, இந்தப் பகுதியிலிருந்து ரிட்டர்ன் செய்ய முடியாது என்கிறது. ஓபன்எம்பியின் விதி இது: சமாந்தரப் பகுதிக்கு உள்ளே போக மேலே ஒரு வாசல், வெளியே வரக் கீழே ஒரு வாசல். நடுவில் ரிட்டர்ன் செய்து குதிக்க இயலாது, கோடூ போட்டும் குதிக்க இயலாது. லூப்பை விட்டு வெளியேறும் பிரேக் கூட ஆகாது. அடுத்த சுற்றுக்குப் போகும் கன்டினியூ மட்டும் சரி, ஏனென்றால் அது எங்கேயும் வெளியேறுவதில்லை.

ஏன் இந்தக் கண்டிப்பு? உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் தன் பக்கத்தில் மீன் துள்ளுவதைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு மீனோடு வீட்டுக்குப் போக முடியாது. மடி கரைக்கு வரும்வரை எல்லோரும் பிடித்திருக்க வேண்டும், பங்கு அதற்குப் பிறகுதான். சமாந்தர லூப்பின் முடிவில் எல்லா த்ரெட்டும் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபங்ஷனைக் கூப்பிட்டது ஒரு த்ரெட், இப்போது உள்ளே ஓடுவது எட்டு. எட்டில் ஒன்று ரிட்டர்ன் சொன்னால் மற்ற ஏழும் பாதி வேலையில் என்ன ஆவது? அவை தொட்டுக்கொண்டிருக்கும் உள்வேரியபிள்கள் அந்த ஃபங்ஷனுடையவை. ஃபங்ஷன் முடிந்தால் அவையும் இல்லாமல் போகும். அதனால் கொம்பைலர் இங்கே மறுப்பது நமக்குச் செய்யும் உதவி. மறுக்காத இடங்கள்தான் ஆபத்தானவை என்பது அடுத்த நாளே தெரிந்தது.

ஓபன்எம்பி விடவில்லை என்று, அவள் சி பிளஸ் பிளஸ் 17இல் வந்த சமாந்தர அல்காரிதங்களுக்கு மாறியிருந்தாள். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச்சுக்குச் சமாந்தரமாக ஓடும்படி சொல்லி, லூப்பின் உடலை அப்படியே ஒரு லாம்டாவுக்குள், அதாவது பெயரில்லாத ஃபங்ஷனுக்குள், போட்டுவிட்டாள். உள்ளே சூடான நாளானால் நாள் எண் ரிட்டர்ன், இல்லையென்றால் -1 ரிட்டர்ன். கொம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல வேகமாகவும் ஓடியது.

“இப்ப ஓடுது அக்கா. ஆனா கடல் ஒருநாளும் சூடாகேல்லை எண்டு சொல்லுது.”

அவளே முன்பு வரைந்து வைத்திருந்த வரைபடங்களில் சில ஆண்டுகள் சிவப்பாகக் கிடக்கின்றன. புரோகிராமோ -1 என்கிறது. காரணம் எளிது. லாம்டா தனக்கென ஒரு ஃபங்ஷன். அதற்குள் இருக்கும் ரிட்டர்ன் லாம்டாவை மட்டும்தான் முடிக்கும். அது கொடுக்கும் மதிப்பை ஃபார்ஈச் வாங்கி எறிந்துவிடும், மொழியின் தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. எல்லா நாட்களும் ஓடி முடிந்தபின் வெளி ஃபங்ஷன் தன் கடைசி வரிக்கு வந்து -1 கொடுக்கிறது. ஒரு எழுத்தும் மாறாத ரிட்டர்ன், லூப்பிலிருந்து லாம்டாவுக்கு இடம் மாறியதும் கன்டினியூவாகிவிட்டது.

இந்தப் பொறி ஒரு மொழிக்கு மட்டும் உரியதல்ல. ஜாவா 8இன் ஸ்ட்ரீமில் ஃபார்ஈச்சுக்குக் கொடுக்கும் லாம்டாவில் வெறும் ரிட்டர்ன் எழுதினால் அடுத்த உறுப்புக்குப் போகும். சி ஷார்ப்பின் பேரலல் ஃபாரிலும் அப்படியே. கோ மொழியில் கோரூட்டினாக (இலகுவான த்ரெட் போன்றது) ஓடவிட்ட ஃபங்ஷனுக்குள் ரிட்டர்ன் எழுதினால் அந்தக் கோரூட்டின் முடியும், அது கொடுக்கும் மதிப்பு யாருக்கும் போய்ச் சேராது. ஆகவே யாருடைய சமாந்தரக் கோடைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: இந்த ரிட்டர்னுக்கு மிக அருகில், அதைச் சுற்றி நிற்கும் ஃபங்ஷன் எது? பெயருள்ளதா, பெயரில்லாத லாம்டாவா? அதைக் கூப்பிடுவது யார், மதிப்பை வாங்கி வைப்பது யார்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த விஷயத்தில் எனக்குக் கோட்லின் மொழி பிடிக்கும். அங்கே ஒரு வேலையைத் தனியே ஓடவிடும் லோஞ்ச் புளொக்குக்குள் வெறும் ரிட்டர்ன் எழுத விடமாட்டார்கள். எந்தப் புளொக்கிலிருந்து வெளியேறுகிறாய் என்று அதன் பெயரையும் ஒட்டி எழுத வேண்டும். ஒரு சொல் கூடுதலாகத் தட்டச்சு செய்வதில் யாருக்கும் நட்டமில்லை. ஆறு மாதம் கழித்துக் கோடைப் படிப்பவருக்கு அந்தச் சொல் மிகப் பெரிய உதவி.

சரி, மதிப்பை வெளியே கொண்டுவர வேண்டும். எல்லோரும் அடுத்ததாகச் செய்வதை அவளும் செய்தாள்: வெளியே ஒரு வேரியபிள், சூடான நாள் அகப்பட்டால் லாம்டா அதில் எழுதும். இப்போது விடை வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு விடை. இரண்டு த்ரெட் ஒரே வேரியபிளில் பாதுகாப்பின்றி எழுதினால், என்ன நடக்கும் என்பதற்குச் சி பிளஸ் பிளஸ் எந்த உறுதியும் தருவதில்லை. அதை அடொமிக் வேரியபிளாக, அதாவது ஒவ்வொரு எழுதுதலும் இடையில் துண்டாகாமல் முழுதாக நடக்கும் வகையாக, மாற்றச் சொன்னேன். மாற்றியும் விடை நிலைக்கவில்லை. அது அப்படித்தான் வரும் என்று தெரிந்தேதான் சொன்னேன், ஏனென்றால் இந்த வித்தியாசத்தை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அடொமிக் ஆக்கினால் எழுதும் மதிப்பு சிதையாது. யார் எழுதியது நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்காது.

நாட்கள் த்ரெட்டுகளுக்கு எப்படிப் பங்கிடப்படுகின்றன என்று தாளில் வரைந்தால் இது தெளிவாகத் தெரியும். 14,610 நாட்களை எட்டுத் தொடர்ச்சியான துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 5 ஆண்டு. முதல் த்ரெட் 1985 முதல் 1989 வரை பார்க்கிறது. அதே நேரத்தில் எட்டாவது த்ரெட் 2020இல் தொடங்கிவிட்டது. 2020களின் சூடான நாளொன்று எட்டாவதின் கையில் சில நொடிகளில் அகப்படலாம். 1980களின் நாள், அப்படி ஒன்று இருந்தால், முதல் த்ரெட் அதுவரை நடந்து போன பிறகுதான் அகப்படும். கடிகாரத்தில் முதலில் கிடைத்தது, நாட்காட்டியில் முதலாவது ஆகாது. தனி லூப்பில் இரண்டும் ஒன்றாகவே இருந்ததால், ரிட்டர்ன் அந்த மூன்றாவது வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

இங்கேதான் கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். உனக்கு வேண்டியது ஏதாவது ஒன்றா, முதலாவதா? அவளுடைய புரோகிராமிலேயே இரண்டும் இருந்தன. தரவிறக்கிய பைல்களில் பழுதானது ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனுக்கு ஏதாவது ஒன்று போதும். எது கிடைத்தாலும் எல்லோரும் நிற்கலாம். முதல் சூடான நாளுக்கு அப்படி முடியாது. 2016இல் ஒரு நாள் கிடைத்துவிட்டது என்பதற்காக 1985ஐப் பார்த்துக்கொண்டிருக்கும் த்ரெட்டை நிறுத்தக் கூடாது. 2016க்குப் பிந்தியவற்றை மட்டும் நிறுத்தலாம்.

நன்றாக வடிவமைத்த நூலகங்கள் இந்த இரண்டையும் வேறு வேறு பெயரில் வைத்திருக்கின்றன. ஜாவா ஸ்ட்ரீமில் ஃபைண்ட்ஃபர்ஸ்ட், ஃபைண்ட்எனி. ரஸ்டின் ரேயோன் நூலகத்திலும் அதே பிரிப்பு. சி ஷார்ப்பில் இது இன்னும் துல்லியம். 2010இல் டொட்நெட் 4உடன் வந்த பேரலல் ஃபாரில், ஸ்டொப் என்றால் முடிந்தவரை விரைவில் எல்லோரும் நிற்கட்டும் என்று பொருள். பிரேக் என்றால் இந்த எண்ணுக்குக் கீழே உள்ள எல்லாச் சுற்றும் கட்டாயம் ஓடி முடியும், மேலே உள்ளவை புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பிரேக் சொன்ன சுற்றுகளில் மிகக் குறைந்த எண் எது என்பதையும் பிறகு கேட்டுப் பெறலாம். தனி லூப்பின் ரிட்டர்னைச் சமாந்தரத்துக்கு மொழிபெயர்க்கும்போது ஸ்டொப்பை எடுப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் தேவைப்படுவது பிரேக்தான்.

அவளுக்கு நாங்கள் கடைசியில் எழுதியது ஓபன்எம்பியில்தான். ரிட்டர்னை லூப்பிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டோம். மிகச் சிறிய நாள் எண்ணுக்கு ஒரு வேரியபிள், ஆரம்ப மதிப்பு 14,610. அதை மின் (min, ஆகச் சிறியதை எடுப்பது) வகை ரிடக்‌ஷன் என்று பிராக்மாவில் அறிவித்தோம். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதன் சொந்தப் பிரதி கிடைக்கும், எல்லோரும் வந்து சேரும் இடத்தில் எட்டுப் பிரதிகளில் சிறியது எடுக்கப்படும். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளுக்கு இந்த மின், மேக்ஸ் ரிடக்‌ஷன் 2011இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து உண்டு. லூப் முடிந்த பிறகு, சமாந்தரப் பகுதிக்கு வெளியே, ஒரேயொரு ரிட்டர்ன். வேரியபிள் இன்னும் 14,610 ஆகவே இருந்தால் -1.

விடை சரி. ஆனால் இப்போது எல்லா நாட்களும் கணக்கிடப்படுகின்றன, சீக்கிரம் வெளியேறும் நன்மை போய்விட்டது. அதை மீட்க இன்னொரு அடொமிக் வேரியபிள், இதுவரை யாரும் கண்ட மிகச் சிறிய நாள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் என் நாள் அதைவிடப் பெரிதா என்று பார்த்து, பெரிதானால் கன்டினியூ. கணக்கிட்ட பிறகு என் நாள் சிறிதானால் மட்டும் அதில் எழுதுதல். அந்த எழுதுதலை, நான் பார்த்த மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் மாற்றும் ஒப்பிட்டு மாற்றும் செயலாக, என் நாள் சிறிதாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப முயன்று செய்ய வேண்டும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்து அதைவிடச் சிறியதை எழுதியிருக்கலாம்.

பங்கீட்டையும் மாற்றினோம். தொடர்ச்சியான பெரிய துண்டுகளாக வெட்டினால், 1985இல் தொடங்கும் த்ரெட்தான் விடையைக் கொண்டுவருவதாக இருந்தாலும், மற்றவை அதுவரை வீணாகப் பிந்திய ஆண்டுகளை மென்றுகொண்டிருக்கும். டைனமிக் பங்கீட்டில் நாட்கள் கேட்கக் கேட்கக் கொடுக்கப்படுகின்றன. பெரும்பாலும் சிறிய எண்ணிலிருந்து மேலே போகும். அதனால் எட்டு த்ரெட்டும் ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் சேர்ந்து நகரும். சூடான நாள் அகப்பட்டதும் மீதி நாட்கள் கன்டினியூவில் ஓடித் தீர்ந்துவிடும். ஒரு விஷயத்தை அவளிடம் அழுத்திச் சொன்னேன்: இந்த வரிசையை வேகத்துக்கு நம்பலாம், சரியான விடைக்கு நம்பக் கூடாது. விடையைக் காப்பாற்றுவது மின் மட்டும்தான்.

இதையெல்லாம் விட எளிய வழி ஒன்று இருக்கிறது, பொருந்தும் இடத்தில் நான் எப்போதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அவளுடைய இரண்டாவது கேள்வி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியானது: இந்தக் கட்டம் முதலில் எல்லை தாண்டிய நாள் எது? இங்கே சமாந்தரமாக ஓட வேண்டியது நாட்கள் அல்ல, கட்டங்கள். ஒரு கட்டத்தை வாங்கி, அதன் 14,610 நாட்களை வரிசையாகப் பார்த்து, அகப்பட்டதும் ரிட்டர்ன் செய்யும் சாதாரண ஃபங்ஷன் ஒன்று எழுதினோம். அதற்குள் ரிட்டர்ன் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், அது அந்தக் கட்டத்தோடு முடிகிற விஷயம். வெளியே சமாந்தர லூப்பில் ஒரேயொரு வரி: அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வரும் விடையை அந்தக் கட்டத்துக்குரிய இடத்தில் எழுது. எந்த இரண்டு த்ரெட்டும் ஒரே இடத்தில் எழுதுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் லொக் இல்லை, அடொமிக் இல்லை. எந்த அச்சில் வெட்டுகிறோம் என்பதை மாற்றியதுமே ரிட்டர்ன் பிரச்சினை காணாமல் போயிற்று. புறாமலைப் பக்கத்துக் கட்டங்களின் விடைகளைத் தனியே எடுத்துப் பார்ப்பதும் இதனால் அவளுக்குச் சுலபமாயிற்று.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும், தொடங்கிய த்ரெட்டுகள் ஃபங்ஷன் முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. அப்படிச் சேராத வகையும் உண்டு, அங்கே ரிட்டர்ன் இன்னும் விசித்திரமானது. சேப்பல் மொழியில் பிகின் என்று ஒரு புளொக் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா நடத்திய உயர்செயற்றிறன் கணினித் திட்டத்தில் க்ரே நிறுவனம் உருவாக்கிய மொழி அது. அதே திட்டத்தில் ஐபிஎம் எக்ஸ்10ஐயும், சன் ஃபோர்ட்ரஸையும் கொண்டுவந்தன. சேப்பல் மட்டும் நின்று நிலைத்து 2024இல் 2.0 பதிப்பை எட்டியது. பிகின் புளொக் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதைத் தொடங்கிய ஃபங்ஷன் முடிந்து போயிருக்கலாம். அதற்குள் ரிட்டர்ன் இருந்தால் எங்கே திரும்புவது? திரும்ப இடமே இல்லை. எனவே சேப்பல் அங்கே ரிட்டர்னை அனுமதிப்பதில்லை. பல வேலைகளைச் சேர்த்துத் தொடங்கி எல்லாம் முடியக் காத்திருக்கும் கோபிகின் புளொக்கிலும் அனுமதிப்பதில்லை. முதலாவது நாளைப் போன்ற தேடலுக்கு மின் ரெடியூஸ் என்று மொழியிலேயே வழி இருக்கிறது.

ரூபியில் இதே நிலைமை ஓடும்போதுதான் வெடிக்கும். புதிய த்ரெட்டுக்குக் கொடுத்த புளொக்கில் ரிட்டர்ன் எழுதினால் லோக்கல்ஜம்ப்எரர் வரும். கொம்பைல் நேரத்தில் மறுப்பது, ஓடும்போது பிழை தருவது, பொருளைச் சத்தமின்றி மாற்றிவிடுவது என்று மொழிகளை வரிசைப்படுத்தினால், என் விருப்பம் இதே வரிசைதான். சில்க் மொழி வேறொரு நாகரிகமான வழியில் போகிறது. ஸ்பான் செய்த, அதாவது தனியே ஓடவிட்ட, வேலைகள் எல்லாம் வந்து சேரும்வரை எந்த ஃபங்ஷனும் ரிட்டர்ன் ஆகாது. ரிட்டர்னுக்கு முன் ஒரு காத்திருப்பை மொழியே நுழைத்துவிடுகிறது.

ரிட்டர்னை உள்ளே அனுமதித்து, அதற்கு முழுப் பொருளும் சொல்லும் மொழியைக் கேட்டால் நான் அடாவைக் காட்டுவேன். அடா 2022 தரநிலையில் சமாந்தர லூப்பும் சமாந்தரப் புளொக்கும் வந்தன. உள்ளே ஓடும் ஒன்று ரிட்டர்ன் செய்தாலோ எக்ஸிட் செய்தாலோ, மற்றவற்றை ரத்துச் செய்ய முயற்சி நடக்கும். எல்லாம் முடிந்தோ ரத்தாகியோ ஆனபின்தான் உண்மையான வெளியேற்றம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றால் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவார், யார் என்பதற்கு உறுதியில்லை. மிக நேர்மையான விதி. அதோடு நம் கேள்விக்கும் அது பதில் சொல்கிறது: அடாவின் சமாந்தர ரிட்டர்ன் ஏதாவது ஒன்றைத் தரும், முதலாவதைத் தருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. பழுதான பைலைத் தேட அது போதும், முதல் சூடான நாளுக்குப் போதாது.

ரிட்டர்னை விடாத இடத்தில் அதற்கு வேடம் போட்டு அனுப்பலாமா என்று பலர் பார்ப்பார்கள். எக்செப்ஷன் எறிந்து வெளியேறுவது அதில் முதலாவது. சி பிளஸ் பிளஸ் 17இன் சமாந்தர அல்காரிதத்தில் லாம்டாவிலிருந்து எக்செப்ஷன் தப்பினால் புரோகிராமே நிறுத்தப்படும், வெளியே எத்தனை கேட்ச் வைத்தாலும் பயனில்லை. ஓபன்எம்பியில் எறிந்த அதே த்ரெட், அதே பகுதிக்குள் பிடிக்க வேண்டும். இன்னொன்று 2013இல் ஓபன்எம்பி 4.0உடன் வந்த கேன்சல். இது முறையான வழிதான், ஆனால் ஓடவிடும் முன் ஓஎம்பி கேன்சலேஷன் என்ற சூழல் மாறியைச் செயல்பட வைக்க வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். அணைந்திருந்தால் கேன்சல் வரி எந்த அறிவிப்பும் இல்லாமல் கடந்து போகும். உங்கள் கணினியில் நின்ற லூப், நண்பரின் கணினியில் கடைசிவரை ஓடும். கேன்சல் பயன்படுத்தினாலும் விடையை மின் போன்ற ஒன்றில்தான் சேமிக்க வேண்டும். கேன்சல் நிறுத்தும், மதிப்பைக் கொண்டுவராது.

லொக் பிடித்திருக்கும்போது வரும் ரிட்டர்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையால் லொக் போட்டு, கையால் திறக்கும் கோடில் நடுவே ரிட்டர்ன் வந்தால் லொக் பூட்டியபடியே கிடக்கும், அடுத்த த்ரெட் அங்கேயே நிற்கும். சி பிளஸ் பிளஸில் லொக் கார்ட் (lock_guard) பயன்படுத்தினால் புளொக்கை விட்டு எந்த வழியால் போனாலும் திறந்துவிடும். கோ மொழியின் டிஃபர் திறப்பது ஃபங்ஷன் முடியும்போதுதான், புளொக் முடியும்போது அல்ல. லூப்புக்குள் டிஃபர் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் திறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சோதிக்கும் விதம்தான் இதில் ஆகப் பெரிய உதவி. நிஜத் தரவை வைத்துச் சோதிக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாட்கள் கொண்ட பொய்த் தரவு செய்து, பொருந்தும் நாட்கள் இரண்டை வையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். முன்னால் உள்ள நாளைக் கணக்கிடும் இடத்தில் வேண்டுமென்றே சிறிது நேரம் தூங்கவிடுங்கள். பல த்ரெட்டில் ஓட்டும்போது பின்னால் உள்ளது பெரும்பாலும் முதலில் அகப்படும். விடை பின்னாலுள்ள நாள் என்று வந்தால் உங்கள் புரோகிராம் ஏதாவது ஒன்றைத்தான் தேடுகிறது. எதுவுமே பொருந்தாத தரவு ஒன்று, கடைசி நாள் மட்டும் பொருந்தும் தரவு ஒன்று, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஃபார்ஈச் வாங்கி எறிந்த மதிப்பை இந்தக் கடைசித் தரவு உடனே காட்டிக்கொடுத்திருக்கும். த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக வைத்து ஓட்டி எல்லாம் சரி என்று முடிவெடுக்கவும் வேண்டாம், ஒரு த்ரெட்டில் நாட்கள் வரிசையாகவே போவதால் முந்தியதும் பிந்தியதும் மோதும் சந்தர்ப்பமே வராது. பழைய தனி லூப்பை அழிக்காமல் வைத்திருங்கள். 1, 2, 8, 16 என்று மாற்றி மாற்றி ஓட்டி, விடையை அதனுடன் ஒப்பிட வேண்டும்.

தங்கச்சி இப்போது அந்தச் சோதனைகளைப் புரோகிராமுடன் சேர்த்தே வைத்திருக்கிறாள். அடுத்ததாக, தொடர்ந்து பல வாரங்கள் சூடாக இருந்த காலங்களைத் தேட வேண்டுமாம். ஒரு நாளின் விடை முந்திய நாட்களைப் பொறுத்திருக்கும் கணக்கு அது, நாட்களின் அச்சில் எளிதில் வெட்ட முடியாது. கட்டங்களின் அச்சில் வெட்டி, உள்ளே சாதாரண ஃபங்ஷனும் சாதாரண ரிட்டர்னும் வைத்து எழுதத் தொடங்கிவிட்டாள்.